அறிந்த குறையும் அளிக்கப்பட்ட தவணையும்

ஒரு தீங்கு நேருமென்று அறியாது செயற்பட்டவனையும், அறிந்திருந்தும் வாளாவிருந்தவனையும் அறவியல் ஒரே தராசில் நிறுப்பதில்லை. அறியாமை குற்றத்தின் கனத்தைக் குறைக்கின்றது. அறிவு பொறுப்பின் கனத்தைக் கூட்டுகின்றது. இவ்வளவில் கருத்து வேறுபாடு பெரிதும் இல்லை. ஆயின் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நிலை ஒன்றுண்டு. குறையை அறிந்தாயிற்று, நீக்கவேண்டுமென்ற முடிவும் எடுத்தாயிற்று, ஆனால் நீக்குவதற்கு ஒரு தவணை குறிக்கப்பட்டுள்ளது. அத்தவணை முடியும்வரை அக்குறையோடுதான் காரியங்கள் நடைபெறுகின்றன. இந்த இடைக்காலத்தில் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளி யார்? இத்தகைய தவணையை அளிப்பது அறத்தோடு பொருந்துமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறும் கருத்துநிலையில் நின்று ஆராய்வதிலும், இவ்வினா நாள்தோறும் எழுகின்ற ஒரு துறையை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். விமானியறையில் தோன்றும் மின்குறைகளைத் திருத்துதல் பற்றி ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் விதிக்கும் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அத்தகையதொரு துறையாகும். அந்நாட்டின் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகம் பறப்புத் தகைமைப் பணிப்புரைகள் எனப்படும் கட்டளைகளைப் பிறப்பிக்கின்றது. இவற்றுக்கு அடிப்படையான விதி இரண்டு நிபந்தனைகளைக் கூறுகின்றது. முதலாவது, ஒரு விமானத்திலோ அதன் உறுப்பிலோ பாதுகாப்பற்ற நிலையொன்று இருத்தல் வேண்டும். இரண்டாவது, அதே வடிவமைப்புடைய பிறவற்றிலும் அந்நிலை இருக்கவோ தோன்றவோ கூடியதாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் பொருந்துமாயின் பணிப்புரை பிறப்பிக்கப்படலாம். அது வெறும் ஆலோசனையன்று, சட்ட வலுவுடையது. ஆபத்து உடனடியானதாயின் முன்னறிவித்தலின்றியே அது பிறப்பிக்கப்படும். ஏனைய வேளைகளில் முதலில் வரைவு வெளியிடப்பட்டு, விமானக் கம்பனிகள், உற்பத்தியாளர், பொதுமக்கள் ஆகியோரின் கருத்துக்கள் கேட்கப்படும். அதன் பின்னரே இறுதிக் கட்டளை வரும். அக்கட்டளையில், திருத்தத்தை எத்தனை பறப்பு மணிக்குள் அல்லது எத்தனை மாதங்களுக்குள் செய்து முடிக்கவேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். நமது வினா இந்தக் கால எல்லையைப் பற்றியதே.

விமானியறையின் மின்குறை ஏனைய குறைகளிலிருந்து வேறுபட்டது. தரையில் ஓடும் வாகனத்தில் புகை எழுந்தால் சாரதி அதனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கலாம். விமானிக்கு அந்த வழி இல்லை. கம்பிகளோ சுவர்ப் பலகைகளுக்கும் கூரைக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றன. கம்பியின் உறை தேய்ந்தோ வெடித்தோ போனால் மின்வில் தோன்றும். அவ்விடத்தில் மிகுந்த வெப்பம் பிறக்கும். மரபுவழிச் சுற்றுடைப்பான் மிகையான மின்னோட்டம் நீடித்தாற்றான் சுற்றை அறுக்கும். விட்டுவிட்டுத் தோன்றும் மின்வில்லை அது உணராமலே விடக்கூடும். ஆகவே விமானி அறிய முன்னரே தீ வளர்ந்துவிடலாம்.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு நிகழ்ந்தது இதுவே. நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா நோக்கிப் பறந்த சுவிஸ் எயர் 111ஆம் இலக்க விமானத்தின் விமானியறையில் வழக்கத்துக்கு மாறான மணமொன்று உணரப்பட்டது. ஏறத்தாழ 21 நிமிடங்களின் பின்னர், கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கு அப்பால் அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 229 பேரும் மாண்டனர். கனடியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை நாலாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து 2003இல் தனது அறிக்கையை வெளியிட்டது. விமானியறைக்கு மேலுள்ள கூரைப்பகுதியில் மின்வில் தோன்றியதென்றும், உலோகப் பூச்சுடைய பொலியெஸ்ரர் மென்படலத்தால் மூடப்பட்ட காப்புப் போர்வைகளில் தீப்பற்றிப் பரவியதென்றும் அது முடிவு செய்தது. மணம் உணரப்பட்ட கணத்திலேயே விமானிகள் இறங்கத் தொடங்கியிருந்தாலும் பாதுகாப்பாகத் தரையை அடைந்திருக்க முடியாது என்பதும் அதன் முடிவாகும். அதாவது, விமானத்திலிருந்தோரின் திறமைக்கு அங்கே இடமிருக்கவில்லை. அவர்களைக் காத்திருக்கக் கூடியவர்கள் தரையில், பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ முன்னர், மேசைகளின் முன் அமர்ந்திருந்தவர்களே.

இங்கே இரண்டு செய்திகள் நமது கவனத்துக்குரியன. அந்த மென்படலம் அக்காலத்து விதி வேண்டிய தீச்சோதனையில் தேறியதொன்று. எனவே விதிக்கு அமைந்திருந்தது என்பதும் பாதுகாப்பாயிருந்தது என்பதும் ஒன்றல்ல. மற்றது, அது தீப்பற்றிய சம்பவங்கள் அவ்விபத்துக்கு முன்னரே பிற விமானங்களில் நிகழ்ந்திருந்தன. போர்வைகளை மாற்றுமாறு உற்பத்தியாளர் 1997இல் பரிந்துரை செய்துமிருந்தனர். ஆயின் பரிந்துரை கட்டளை ஆகாது. விபத்தின் பின்னர், 2000ஆம் ஆண்டில்தான் அவற்றை அகற்றும்படி பணிப்புரை பிறந்தது. 700க்கு மேற்பட்ட விமானங்களைப் பாதித்த அக்கட்டளைக்கு அளிக்கப்பட்ட தவணை ஐந்தாண்டுகள்.

ஐந்தாண்டுகள் என்றதும் உள்ளம் சினங்கொள்வது இயல்பே. ஆனால் சினம் நியாயமாகிவிடாது. தவணை அளிப்போரின் தரப்பையும் கேட்டல் வேண்டும். ஒருவனால் இயலாததை அவனது கடமை என்று கூறமுடியாது என்பது கான்ற் முதலிய அறவியலார் வலியுறுத்திய கருத்து. நூற்றுக்கணக்கான விமானங்களின் உட்புறத்தைக் கழற்றிப் போர்வைகளை மாற்ற வேண்டிய பொருள்களும் தேர்ந்த தொழில்நுட்பவினைஞரும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. அவசரப் பணியால் பழைய கம்பிகள் அசைந்தும் உரசியும் புதிய குறைகள் பிறக்கவும் கூடும். விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்தினால் பயணிகளுட் பலர் வீதிவழியே செல்வர். வீதிப் பயணம் தூரத்துக்குத் தூரம் ஒப்பிடுமிடத்து விமானப் பயணத்திலும் ஆபத்து மிகுந்தது. ஆகவே ஓர் ஆபத்தை உடனே நீக்க முயல்வது மொத்தத்தில் கூடிய உயிர்களைப் பலிகொள்ளவும் கூடும். தவணை என்பதே தவறு என்று கூறுவோர் இவ்வாதங்களுக்கு விடையளித்தல் வேண்டும். அவர்களால் அது இயலாது என்பதே எனது கருத்து.

ஆயினும் இவ்வாதங்கள் தவணை ஒன்று இருக்கலாம் என்பதை மட்டுமே நிறுவுகின்றன. எந்தத் தவணையும் ஏற்புடையது என்பதை நிறுவவில்லை. இயலாமை காரணமாகத் தரப்படும் தவணை வேறு. செலவைக் குறைக்கும்பொருட்டுத் தரப்படும் தவணை வேறு. பராமரிப்புக்காக விமானம் எப்படியும் திறக்கப்படும் காலம்வரை காத்திருந்தால் செலவு குறையும். அதுவும் ஒரு காரணமே. ஆனால் அக்காரணத்தை இயலாமை என்ற பெயரால் அழைப்பது பொய்யாகும். இப்பொய்யைத் தெளிவாகக் காண்பதற்கு ஒரு கேள்வி போதும்: குறித்த விமானத்தில் குறித்த நாளில் தீ எழுமென்று அறிந்திருந்தால் இதே தவணையை அளிப்போமா? அளிக்கமாட்டோம். இறக்கப்போகிறவருக்கு முகம் இல்லாதபோதே காத்திருக்க மனம் இசைகின்றது. கணக்கேட்டில் அவர் ஒரு பின்னமாகவே தோன்றுகிறார். எனினும் இறக்கும்போது எவரும் பின்னமாக இறப்பதில்லை.

பயன்வழிக் கொள்கையினர் இதற்கு ஒரு மறுப்புரைப்பர். முகம் தெரிந்தவரின் உயிரும் தெரியாதவரின் உயிரும் சமமெனில், முகத்தைக் கண்டதும் முடிவை மாற்றுவது உணர்ச்சியேயன்றி அறிவன்று என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயின் அது இருபுறமும் வெட்டும் வாள். சமம் என்பதைக் கொண்டு முகமறிந்தவரின் உரிமையைக் குறைப்பதற்குப் பதிலாக, முகமறியாதவரின் உரிமையை உயர்த்துவதும் சாலும். மேலும், பயன்வழிக் கணக்கு மொத்தத்தைக் கூட்டுமேயன்றி, பயனைப் பெறுபவர் யார், ஆபத்தைச் சுமப்பவர் யார் என்று வினவுவதில்லை. தவணையால் மிச்சமாகும் பணம் கம்பனியிடமும், ஓரளவு பயணச்சீட்டின் விலைவழியாகப் பயணியிடமும் சேரும். ஆபத்தோ பயணியிடமும் விமானப் பணியாளரிடமும் மட்டுமே சேருகின்றது. தாம் ஏறும் விமானத்துக்கு நிறைவேற்றப்படாத பணிப்புரை ஒன்றுண்டு என்பதைப் பயணி அறியார். அறியாதவர் இசைந்தார் என்று கொள்வதெங்ஙனம்?

இன்னொரு வகைத் தவணையும் உண்டு. அதற்கு முடிவே கிடையாது. போயிங் 757, 767, 777 வகை விமானங்களின் முகப்புக் கண்ணாடிகள் பனி படியாதிருக்க மின்னால் வெப்பமூட்டப்படுகின்றன. சிலவற்றில் மின்னிணைப்பு ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. திருகாணி தளர்ந்தால் மின்வில்லும் புகையும் தீயும் தோன்றின. திருகாணி இல்லாத புதிய இணைப்புடைய கண்ணாடிகளைப் பொருத்துவிக்குமாறு அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2007இல் கேட்டது. 2008இல் வரைவு வெளியாயிற்று. 2010 மே மாதத்தில், நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் சென்ற 757 விமானமொன்றின் விமானியறையில் தீ எழுந்து, கண்ணாடியும் வெடித்தது. விமானிகள் தீயணைகருவிகளால் அதனை அடக்கி வாஷிங்ரனுக்கு அண்மையில் பத்திரமாக இறங்கினர். அதே ஆண்டு ஜூலையில் இறுதிப் பணிப்புரை வந்தது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் அதற்குட்பட்டன. ஆனால் அது கண்ணாடியை மாற்றியே ஆகவேண்டுமென்று விதிக்கவில்லை. குறித்த கால இடைவெளிகளில் திரும்பத் திரும்பச் சோதித்து வரலாம். புதிய கண்ணாடியைப் பொருத்தினால் அச்சோதனை தேவையில்லை என்றே விதித்தது.

சோதனை செய்துவருவது அசட்டையாகாது. ஆயினும் இரண்டுக்குமிடையே அறவியல் வேறுபாடு உண்டு. குறையை நீக்கிவிட்டால் பாதுகாப்பு பொருளில் நிலைபெறுகின்றது. சோதித்து வருவதாயின், பாதுகாப்பு மனிதனின் இடையறாத விழிப்பில் தங்கியிருக்கின்றது. இரவுப் பணியில் களைத்த ஒரு வினைஞனின் கண்களுக்கும் கைகளுக்கும் சுமை மாற்றப்படுகின்றது. நாளை அவன் தவறினால் தவறு அவனுடையதென்றே எழுதப்படும். தவறக்கூடிய இடத்தில் அவனை நிறுத்தியவர் பெயர் எழுதப்படாது.

இவற்றிலிருந்து தவணை நியாயமாவதற்குரிய நிபந்தனைகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, தவணைக்குரிய காரணம் இயலாமையா செலவா என்பது மறைக்கப்படாமல் வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். இரண்டாவது, இடைக்காலத்தில் ஆபத்தைக் குறைக்க இயன்றவை யாவும் செய்யப்படல் வேண்டும். ஐந்தாண்டு காத்திருப்பது போர்வையை மாற்றுதற்காகலாம், அபாயமான கம்பியைச் சோதிப்பதற்காகாது. மூன்றாவது, தவணையை விதிப்பவர் தாமும் தம் குடும்பத்தாரும் அத்தவணைக் காலத்தில் அதே விமானத்திற் செல்ல மனமொப்புதல் வேண்டும். இம்மூன்றாவது உளவியற் சோதனைபோலத் தோன்றினும் உண்மையில் நீதிச் சோதனையே. தனக்கு ஏற்காத ஆபத்தைப் பிறர்க்கு விதிப்பவன் உயிர்களைச் சமமாக மதிப்பவனல்லன்.

விதிகளைப் பற்றியே பேசிவிட்டு இக்கட்டுரையை முடித்தால் உண்மையின் ஒரு பாதியே சொல்லப்பட்டதாகும். 2007 ஜூலை 10ஆம் திகதி புளோரிடா மாநிலத்திலே சான்போர்ட் நகரில் நிகழ்ந்த விபத்தை நோக்குவோம். அதற்கு முந்திய நாள், ஒரு நிறுவனத்துக்குரிய சிறிய செஸ்னா விமானத்தைச் செலுத்திய விமானி மின்சாரம் கருகும் மணத்தை உணர்ந்தார். வானிலை ராடரின் சுற்றுடைப்பானை இழுத்துவிட்டதும் மணம் நின்றது. தரையிறங்கியதும் அக்குறையை அதற்குரிய படிவத்தில் எழுதினார். பராமரிப்புப் பகுதிக்கும் தெரிவித்தார். மறுநாள் அக்குறை ஆராயப்படாமலும் திருத்தப்படாமலும் அதே விமானம் வேறிருவரோடு வானில் எழுந்தது. அந்தச் சுற்றுடைப்பான் பெரும்பாலும் மீண்டும் அழுத்தப்பட்டிருக்கலாமென்று விசாரணை கருதியது. புகை எழுந்தது; விமானம் வீடுகளின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த இருவரும் தரையில் மூவரும் இறந்தனர். அறிந்த குறையோடு விமானத்தைப் பறக்கவிட்ட முகாமையாளர், பராமரிப்பாளர் ஆகியோரின் முடிவும், அதனைச் செலுத்த இசைந்த விமானிகளின் முடிவுமே காரணமென்று பாதுகாப்புச் சபை தீர்ப்பளித்தது.

இங்கே பணிப்புரையின் தாமதம் எதுவும் இல்லை. பழுதான கருவி செயலிழக்கச் செய்யப்பட்டு, செயற்படாதது எனக் குறிக்கப்படல் வேண்டுமென்ற விதி முன்னரே இருந்தது. குறையை அறிந்தவர் ஒருவரல்லர், பலர். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்துவிட்டதாக எண்ணியிருத்தல் கூடும். எழுதியவர் எழுதினார், கேட்டவர் கேட்டார். எழுதப்பட்டதும் குறை கடதாசிக்குச் சென்றுவிட்டதுபோன்ற ஒரு மயக்கம் தோன்றுகின்றது. உண்மையில் அது விமானத்திலேயே இருக்கின்றது. விமானிகள் ஆபத்தை அறிந்தே ஏற்றனர் எனலாம். காலை வேளையில் தம் வீட்டினுள் இருந்தோர் எதற்கு இசைந்தனர்?

சொத்தைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். பொறுப்பை அவ்வாறு பங்கிடமுடியாது என்பதே நாம் பெறும் முடிபு. ஐவர் அறிந்த ஆபத்தில் ஒவ்வொருவர்க்கும் ஐந்திலொரு பொறுப்பு என்பதில்லை. தடுக்கும் வலிமை எவரிடம் இருந்ததோ அவர் ஒவ்வொருவரிடமும் பொறுப்பு முழுமையாகவே இருந்தது. அரசாங்கம் தவணை விதித்தது என்பது கம்பனிக்கு விடுதலை தராது. ஐந்தாண்டு என்பது பிந்தக்கூடிய இறுதி எல்லையேயன்றி, அதுவரை காத்திருக்கும் உரிமையன்று. விதி கேட்பது குறைந்த அளவு. அறம் கேட்பது இயன்ற அளவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலேதான் அந்த 229 பேரும், சான்போர்ட் நகரின் ஐவரும் வீழ்ந்தனர். அத்தூரத்தைக் குறைப்பது விதியெழுதுவோரின் பணி மட்டுமன்று. நாளை பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் ஒரு படிவத்தின் அடியிலே கையொப்பமிடப் போகின்ற நம் ஒவ்வொருவரின் பணியுமாகும்.