மலர்க்கணையும் இசைவும்: காமன் கூத்து எழுப்பும் கேள்வி

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் தப்பு என்னும் பறை முழங்க நிகழ்த்தப்படும் காமன் கூத்து, தவத்திலிருந்த சிவன்மீது மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதையும், மனைவி ரதியின் மன்றாட்டால் அவன் உயிர்பெறுவதையும் கதையாகக் கொண்டது. இக்கதையைக் காதலின் துயரமாக மட்டும் படிப்பது போதாது. அதன் மையத்தில் இசைவு, அதாவது மறுக்கவும் இயலும் நிலையில் ஒருவர் அறிந்து தாமே அளிக்கும் ஒப்புதல், பற்றிய கேள்வி இருக்கிறது.

சூரன் என்னும் அசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு மைந்தன் வேண்டும் என்பது மன்மதனை ஏவிய தேவர்களின் தேவை. அந்த நியாயமான தேவைக்காக, விருப்பத்தைத் தெரிவிக்காத ஒருவரின் உள்ளத்தில் வேட்கையை வெளியிலிருந்து ஏவலாம் என அவர்கள் கருதியதே பிழை. ஏவப்பட்ட கிளர்ச்சி இசைவு ஆகாது. நெற்றிக்கண்ணின் தீயைச் சினம் என்பதைவிட மறுப்பு என்பதே பொருந்தும், தண்டனை மிகக் கொடியது என்று ரதியோடு சேர்ந்து பார்வையாளர் அழுதாலும்கூட.

காளிதாசரின் குமாரசம்பவம் என்னும் காவியம் இதற்கடுத்த நிலையை நுட்பமாகக் காட்டுகிறது: கணை தோற்றபின் பார்வதி தவத்தால் தன் விருப்பத்தை வெளிப்படுத்துகிறாள், மாற்றுருவில் வந்து அவள் உறுதியைக் கேட்டறிந்த பின்னரே சிவன் தன்னை ஒப்படைக்கிறார், அப்போதும் அவள் உடனே இணங்காமல், தந்தையிடம் முறைப்படி கேட்குமாறு தோழி வழியே சொல்லியனுப்புகிறாள். இதற்கு மாறாக, மறுக்கும் பெண்ணை விடாது துரத்துவதையே காதலாகக் காட்டும் திரைக்கதைகள், மன்மதனை எரிக்காமலேயே வெற்றிபெறச் செய்துவிடுகின்றன.