சிறுத்த மஞ்சள் கரு

தொழிற்புரட்சிக்கு முன்னால் கடலின் மேற்பரப்பு நீர் பி.எச். 8.2 அளவில் இருந்தது, இப்போது 8.1 அளவில் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லாத வித்தியாசம். மடக்கை அளவுகோல் என்பதால், ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்று பொருள். காரணம், நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்வாசி கடலுக்குத்தான் போகிறது.

*

கிரேட் பாரியர் ரீஃபில் ஒரு கோமாளி மீன் உண்டு. செம்பழுப்பு உடல், தலைக்குப் பின்னால் ஒற்றை வெள்ளைப் பட்டை. கடல் சாமந்தியை ஒட்டிய பாறையில் பெண் முட்டையிடும். காவல் பெரும்பாலும் ஆணுடையது. துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். செத்த முட்டைகளை வாயால் பொறுக்கி எடுத்துவிடும். நாள் ஆக ஆக முட்டைக்குள் வெள்ளியாய்க் கண்கள் தெரியும். இருட்டிய பிறகே குஞ்சுகள் வெளிவரும்.

*

2013இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. இந்த மீன் சோடிகளை ஒன்பது மாதம், இந்த நூற்றாண்டின் முடிவில் வரக்கூடிய அளவுக்குக் கரியமில வாயு ஏற்றிய நீரில் வைத்திருந்தார்கள். முட்டை குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். கூடியது. சோடிகள் முட்டையிட்ட தடவைகள் இருமடங்கு. தடவைக்கு 67 சதவீதம் அதிக முட்டைகள். பெற்றோர் மெலியவில்லை. குஞ்சுகளின் நீளமும் குறையவில்லை.

மஞ்சள் கரு மட்டும் சிறுத்திருந்தது.

இந்த ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. தகப்பனின் விசிறல் எட்டாத திறந்த கடலில் குஞ்சு ஏறத்தாழ பத்து நாள் அலைய வேண்டும். தானே இரை பிடிக்கக் கற்கும்வரை அதன் கட்டுச்சோறு அந்தக் கரு. எண்ணிக்கை பெருகி, ஒவ்வொன்றின் பங்கும் குறைந்தால் எத்தனை குஞ்சு பாறைக்குத் திரும்பும்?

*

பப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் எரிமலையின் கரியமில வாயு கடலடியிலிருந்து குமிழியிடும் பாறைகள் உள்ளன. கிளைவிட்ட பவளங்கள் அங்கே குறைவு. மீன் கூட்டங்களோ அக்கம்பக்கத்துப் பாறைகளில் உள்ளவை போலவேதான். ஆனால் அங்கே சேரும் குஞ்சுகளில் பல, வாயு இல்லாத நீரிலிருந்து மிதந்து வருபவை.

*

பின்னர் அதே கோமாளி மீன் இனத்துக்கு வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். முட்டையிடுதல் சரிந்தது. தொட்டியில் வாயுவையும் வெப்பத்தையும் பிரித்து வைக்கலாம். பவளப்பாறைக்கு இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. அந்த 67 சதவீதத்தைத் தனியே உருவி எடுத்து யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.