வாயிற்படியில் நின்ற சூளபந்தகர்



நம் தாராவியிலிருந்து இவ்வாண்டு வெளியூர்ப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை ஒருவன், மூன்று திங்கள் நிறையுமுன்னரே பெட்டியும் படுக்கையுமாகச் சென்ற வாரம் வீடு திரும்பிவிட்டான். அவன் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர் அவனுக்கு முன் எவருமிலர். அன்னையார் அவனை என்னிடம் அழைத்து வந்தார். "எனக்குப் படிப்பு வரவில்லை, பெரியப்பா" என்றான். வேறொன்றும் சொன்னானில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை பொறுத்திருந்தபின் மெல்லமெல்லச் சொல்லலானான். ஆசிரியர் ஆங்கிலத்தில் பொழிவதை ஒரு வரி எழுதுமுன் பத்து வரி கடந்துபோகின்றதாம். விடுதியில் முதல்நாளே நுழைவுத் தேர்வில் என்ன வரிசை எண் என்று கேட்டார்களாம். அடுத்து முழுப்பெயரைக் கேட்டார்களாம். அக்கேள்வியின் பொருள் நமக்குத் தெரியாததன்று. அன்றுமுதல் தனியே உண்டு, தனியே உறங்கி, அன்னையிடம் செல்பேசியில் மட்டும் "நன்றாயிருக்கிறேன்" என்று நாள்தோறும் பொய் சொல்லி வந்திருக்கின்றான்.

இப்பிள்ளையைக் கண்டதும் சூளபந்தகர் நினைவே எனக்கு வந்தது.

இராசகிருகத்துப் பெருவணிகர் ஒருவரின் பெயரர் இருவர் சங்கம் புகுந்தனர். மூத்தவர் மகாபந்தகர் கல்வியிற் சிறந்து விளங்கினார். இளையவர் சூளபந்தகருக்கோ ஒரே ஒரு பாட்டு நான்கு திங்களாகியும் மனத்தில் தங்கவில்லை. அடுத்த அடியைக் கற்கும்போது முந்தைய அடி மறந்துபோயிற்று. உடன்பிறந்த தமையனாரே, "நீ இதற்குத் தகுதியற்றவன், வெளியேறு" என்றார். ஜீவகர் தம் மாந்தோப்பில் அளிக்கவிருந்த விருந்திற்கும் இளையவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. விடியற்காலையில் வெளியேறப் புறப்பட்டவரை வாயிலில் எதிர்கொண்டவர் பகவான் புத்தர். அவர் அந்தப் பாட்டையே மறுபடியும் ஒப்பிக்கச் சொன்னாரில்லை. தூய வெண்துணித் துண்டு ஒன்றைக் கையிற் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, அழுக்கு நீங்குக என்று சொல்லித் தேய்த்துக்கொண்டிரு என்றார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்கேறிற்று. அதைக் கண்ட பந்தகரின் உள்ளம் விளங்கிற்று. அங்கே விருந்தில் பகவான் தம் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டார். விடப்பட்டவரை அழைத்து வரும்வரை உணவு ஏற்கப்படவில்லை.

மாணவன் மாறுமுன் பாடஞ்சொல்லும் முறை மாறிற்று என்பதைக் கவனியுங்கள். நம்மவர் இக்கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் துணியோடு நிறுத்திவிடுகின்றனர். மூடிய பாத்திரம் எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

துணியைப் பற்றி எனக்கும் சிறிது தெரியும். 1990ஆம் ஆண்டு பரேல் பக்கத்து ஆலையொன்றின் நூற்புப் பிரிவில் பதலித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் குரலும் கேளாது. ஒரு கதிரில் அறுந்த இழையை ஒட்டுமுன் நான்கு கதிர்களில் அறுந்துவிடும். முதல் மாதம் இரவெல்லாம் அழுதேன். முதியவர் ஒருவர், "எல்லாக் கதிரையும் பார்க்காதே; அறுந்த ஒன்றைப் பார்" என்றார். ஆண்டு திரும்புவதற்குள் கை தானே ஒட்டியது. அந்த ஆலை இன்றில்லை.

அதே பரேலில், ஒற்றையறைக் குடியிருப்பிலிருந்து, 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார் அண்ணல் அம்பேத்கர். அதற்கெடுத்த பாராட்டுக் கூட்டத்தில் கேலுஸ்கர் அவர்கள் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். கல்லூரியின் வாயிற்படியிலேயே பகவான் அவரை எதிர்கொண்டார் எனலாம்! எனினும் எல்பின்ஸ்டன் கல்லூரியில் உணவுச்சாலைக்காரர் அவருக்குத் தேநீரும் தண்ணீரும் தர மறுத்தார். மறுக்கப்பட்ட அவரே 1912இல் பட்டம் பெற்று, 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று, பொருளியலில் மட்டும் 29 பாடங்கள் பயின்றார்.

இங்கே என் குற்றமொன்றை மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறே திரும்பி வந்த வேறொரு பிள்ளையிடம், "படிப்பு வராவிட்டால் என்ன, கைத்தொழில் பார்" என்று ஆறுதல்போலச் சொன்னேன். அவன் படிப்பை விட்டான். இன்று மூட்டை சுமக்கின்றான். என்னைக் கண்டால் வணக்கமும் சொல்கின்றான். அந்த வணக்கம் என்னைச் சுடுகின்றது. அன்று நானே மகாபந்தகன்.

ஆகையால் இம்முறை பிள்ளையுடன் மூன்று மாலைகள் அமர்ந்தேன். நாளொன்றுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம், அகராதியுடன், முன்வரிசையில் இருக்கை, விளங்காததை வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடமே கேட்டல், அன்னையிடம் உண்மை பேசுதல் எனப் பேசி முடித்தோம். இழிவாகப் பேசுவோரைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. மாணவரிடையே பாகுபாடு காட்டலாகாதென்றும், முறையீடு கேட்கச் சமவாய்ப்புப் பிரிவு வேண்டுமென்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2012ஆம் ஆண்டிலேயே விதி செய்தது. அதைப் படித்துவைத்தல் மைத்திரிக்கு மாறானதன்று. நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்துவைக்கச் சொன்னேன். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயிலும் நம் பெண் ஒருத்தி, நம் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கின்றாள்.

ஞாயிறு இரவு வண்டியில் அவன் திரும்பிச் செல்கின்றான். அரசாங்க உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை விடுதிக் கட்டணத்தில் பாதியைச் சங்க உண்டியலிலிருந்து தருவதென முடிவாகியுள்ளது. மறுபாதிக்கு இயன்றதைத் தர விரும்புவோர் வந்தனை முடிந்ததும் என்னைக் காண்க.