அளவறிந்த அருள்

உயிர்களிடத்து அருள் பூண்டு ஒழுகுவதே திருவறத்தின் உயிர்நிலை என்பதை நாம் அனைவரும் அறிவோம். கொல்லாமை எளிதில் விளங்குவது. ஆனால், நாம் காத்த உயிர் நம் தோட்டத்திலேயே பெருகத் தொடங்குமாயின் நம் கடமை யாது? இவ்வினா அத்துணை எளிதன்று.

வேளாண்மை செய்யும் சாவகர் ஒருவர், வெட்டுக்குச் செல்லவிருந்த நான்கு பெட்டைகளையும் ஒரு சேவலையும் விலை கொடுத்து மீட்டுத் தம் கொல்லையில் உலவ விடுகிறார் எனக் கொள்வோம். நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 10 முதல் 15 முட்டைகள் வரை இடும். ஆண்டிற்கு மூன்று நான்கு ஈடுகள் உண்டு. அடையமர்ந்த 21 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அக்குஞ்சுகளும் ஆறேழு திங்களில் முட்டையிடும் பருவம் எய்தும். இரண்டே ஆண்டுகளில் கொல்லை நிறைந்துவிடும். அயலார் விதைத்த நிலத்தைக் கோழிகள் கிளறும்; சேவல்கள் ஒன்றையொன்று குத்திப் புண்படுத்தும்; வெள்ளைக்கழிச்சல் வந்தால் சில நாள்களில் கூட்டமே மடியும். அருளால் தொடங்கிய செயல் துன்பத்தில் முடிகிறது.

அந்நிலையில், "வேண்டுவோர் கொண்டு செல்லட்டும்" என்று சொல்லத் தோன்றும். கொண்டு செல்வோர் எதற்காகக் கொண்டு செல்கின்றனர் என்பது நமக்குத் தெரியாததன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் கொள்கை. யசோதர காவியத்தில் மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட மன்னனும் அவன் தாயும் பல பிறவிகளில் உழன்று, கோழிகளாகவும் பிறக்கின்றனர். எண்ணத்திற்கே அத்துணை வலிமை என்றால், அறிந்தே கொலைக்கு ஒப்படைப்பதை என்னென்பது!

"பருந்தும் கீரியும் குறைத்துக்கொள்ளட்டும், அது இயற்கை" என்பாரும் உளர். காட்டில் நிகழ்வதற்கு நாம் பொறுப்பல்லோம். இக்கோழிகளையோ நாமே கொணர்ந்தோம், பெருகவும் விட்டோம். சோர்வினால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. காவாது விடுதலும் அச்சோர்வேயாகும். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தையும் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக அந்நூல் கூறுகிறது. நூறு கோழிகளுக்குப் பத்துக் கோழிகளின் தீனியைத் தூவுவோர் ஐந்தாவது குற்றத்திற்கு ஆளாகின்றனர்.

அப்படியாயின் முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடலாமா? சேவலோடு கூடிய பெட்டையின் முட்டையில் அடையமர்வதற்கு முன்பே கரு உண்டு. அதை எடுத்து அழிப்பது குற்றமற்றது என்று நாம் கூறவியலாது. பிறந்தபின் அழிப்பதினும் கருவே தோன்றாமல் தடுப்பது மேல். ஆகவே சேவல்களைத் தனி அடைப்பில் வைப்பதே தக்க வழி. பிரித்த பின்னும் இரண்டு மூன்று வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகள் வரக்கூடும். அவற்றிலிருந்து பொரிக்கும் குஞ்சுகளை ஏற்றுக் காக்க இடமும் தீனியும் முன்னரே ஒதுக்கப்பட வேண்டும். கருவில்லா முட்டையும் நமக்கு உணவாகாது என்பதைக் கூற வேண்டுவதில்லை.

அடைத்தல் கட்டி வைத்தலாகாதா என வினவலாம். நிழலும் நீரும் உலவப் போதிய இடமும் இன்றி அடைத்தால் ஆகும். இவையெல்லாம் அளித்துக் காப்பதற்காக அடைத்தால் ஆகாது என்பது நம் கருத்து. எனினும் குஞ்சு பொரிக்க விழையும் பெட்டையின் தாய்மையை நாம் தடுக்கவே செய்கிறோம். இழப்பு சிறிதன்று. காக்க இயலாத குஞ்சுகளைப் பிறப்பித்துப் பறிகொடுக்கச் செய்வதினும் அது சிறிது என்றே ஏற்கிறோம். நோய்த் தடுப்பு மருந்தும் அத்தகையதே. வெள்ளைக்கழிச்சலுக்கான மருந்து கருவுற்ற முட்டைகளில் வளர்க்கப்படுவது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இல்லறத்தார் விரதம் அணுவிரதம். துறவியர் மேற்கொள்ளும் மாவிரதம் அன்று. முழுத் தூய்மை நமக்குக் கிட்டாது. தீங்கைக் குறைப்பதில் விழிப்போடிருக்க இயலும்.

பொன்னுக்கும் நிலத்திற்கும் அளவு வகுத்துக்கொள்ளும் நாம், வளர்க்கும் உயிர்களுக்கும் அளவு வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். கால்நடையும் பரிக்கிரகத்தில் அடங்குவதே. மீட்பதற்கு முன், இக்கோழி முட்டையிடுவதை நிறுத்திய பின்னும் ஐந்தாறு ஆண்டுகள் தீனி தர நம்மால் இயலுமா என எண்ணிப் பார்ப்போமாக. இயலும் என்ற அளவிற்கே மீட்போம். ஏற்கெனவே பெருகிவிட்டோர் இனிப் பெருகாமல் தடுத்து, பிறந்தவற்றை இறுதிவரை காத்தலே கடன். இதில் புகழில்லை, பொருளில்லை. நாள்தோறும் தீனியும் நீரும் வைக்கும் வேலை மட்டுமே உண்டு. அவ்வேலையை ஏற்க முடிந்தவர் மீட்கட்டும்.