காலத்தை நீட்டுதலும் கலைஞனின் உரிமையும்

ஒரு பாடலின் வேகம் அதன் உடலா, அன்றி அதன்மீது போர்த்திய ஆடையா? ஆடையெனின் அதனை மாற்றுதல் குற்றமாகாது. உடலெனின் அதனைத் தொடுவதற்கு உரிமை வேண்டும். சுருதி கெடாது இசைப்பதிவின் வேகத்தை மட்டும் மாற்றவல்ல கணனி மென்பொருள்கள் இவ்வினாவைத் தவிர்க்கவியலாததாக்கியுள்ளன.

ஒலிநாடாவில் வேகமும் சுருதியும் பிரிக்கவொண்ணாதன. நாடா இருமடங்கு வேகத்தில் ஓடின், ஒவ்வொரு சுரத்தின் மீடிறனும் இருமடங்காகும். 1966 இல் 'ஸ்ரோபெரி பீல்ட்ஸ் போர் எவர்' என்னும் பாடலுக்கென வேகத்திலும் சுருதியிலும் வேறுபட்ட இரு பதிவுகளை இணைக்குமாறு பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனன் கேட்டார். விரைவான பதிவே சுருதியிலும் உயர்ந்திருந்தமையால், தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் நாடாவின் வேகத்தை மாற்றி இரண்டையும் பொருத்தினார். ஆயினும் குரலின் இயல்பு மாறியது. மாற்றம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது.

அதே 1966 இல் பெல் ஆய்வுகூடத்தின் பிளனகனும் கோல்டனும் வெளியிட்ட 'பேஸ் வோக்கோடர்' முறை இப்பிணைப்பை அவிழ்த்தது. ஒலியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் மீடிறன்களையும் கணித்து, இடைவெளியை மாற்றி மீளத் தொகுப்பதே அதன் சாரம். 2001 இல் வெளிவந்த ஏபில்ற்றன் லைவ் போன்ற மென்பொருள்கள் வேகமாற்றத்தை எவரும் நொடியில் செய்யத்தக்க செயலாக்கின.

ஆயின், நான்கு நிமிடப் பதிவு ஐந்து நிமிடமாகும்போது, கூடிய ஒரு நிமிடம் எவராலும் பாடப்படாதது. பாடகர் தாமே வேகத்தை மாற்றுவதில்லையா எனச் சிலர் வினவக்கூடும். மாற்றுவர், ஆனால் வேகத்தைக் குறைக்கும் பாடகர் மூச்சையும் அழுத்தத்தையும் கமகத்தையும் அதற்கேற்ப மாற்றுவர். பொறியோ விரைந்து பாடியவரின் மூச்சையே இழுத்து நீட்டுகிறது. எனவே வேகம் ஆடையன்று. கலைஞர் கணந்தோறும் செய்யும் தெரிவு அது.

இதனால் நீட்டுதல் யாவும் தீதென்பது பெறப்படாது. கடினமான பகுதியைப் பயிலும் மாணவன் பதிவை மெதுவாக்கிக் கேட்கையில் எவரும் ஏமாற்றப்படுவதில்லை. மாற்றியதைக் கலைஞரின் பெயரால் உலகுக்கு அளிக்கும்போதே அறம் குறுக்கிடுகிறது. அங்கு பதிவு ஒரு சாட்சியம், திருத்தியவரோ சாட்சியின் வாயில் சொல்லைத் திணித்தவராகிறார். லெனன் கேட்டார், ஆதலின் மார்ட்டின் செய்தது குற்றமன்று. இறந்த கலைஞரோ கேட்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். அவர்திறத்து எஞ்சும் கடமை ஒன்றே: மாற்றியதை மாற்றியதென்று சொல்லுதல். முன்னர் மாற்றத்தைச் செவியே கண்டறிந்தது. இன்று பொறி அதனை மறைக்கவல்லதாயிற்று. செவி ஆற்றிய அப்பணி இனி மனிதனின் நேர்மையையே சாரும்.