நாய்க்கு எதற்கு ஊசி?

“நாய்க்கு ஊசியாம்! நாளொன்றுக்கு இருமுறையாம்! படித்த பிள்ளை செய்கிற வேலையா தம்பி இது?”

சமயநல்லூர்த் தேநீர்க் கடையொன்றில், நம் முகத்துக்கு நேரே கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் தீயவர் அல்லர். தம் பேரனை நம்மிடம் படிக்க அனுப்பியிருக்கும் பெரியவர். பக்கத்திலிருந்தவர் அவருக்குத் துணை வந்தார். “அது பைரவர் வாகனம், வாத்தியார் தம்பி! ஏதோ குற்றம் நேர்ந்திருக்கிறது. தேய்பிறை அட்டமியில் மிளகு தீபம் ஏற்றிப் பாருங்கள்” என்றார். ஊரின் பெயரிலேயே சமயம் இருக்கும்போது பேச்சில் மட்டும் இல்லாமற் போகுமா! சிரித்துவிட்டு எழுந்து வந்தோம். இரண்டாமவருக்கு விடை சொல்வது எளிது. முதலாமவருக்கு விடை சொல்வது அத்துணை எளிதன்று, தோழர்களே! பல நாள் எண்ணியும் முழு விடை கிட்டவில்லை. கிட்டிய அளவை எழுதுகிறோம்.

செவலை, நாட்டு நாய். பெண். சிப்பிப்பாறையுமன்று, இராசபாளையமுமன்று, குலப்பெருமை பேசக் கொடிவழி ஏதும் அதற்கில்லை. நாம் பள்ளி மாணவராயிருந்தபோது, திண்டுக்கல் சாலையோரத்தில் மழையில் நனைந்து கிடந்த குட்டி. பதினோர் ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற ஆண்டு திடுமெனத் தண்ணீர்த் தொட்டியே கதியெனக் கிடந்தது. குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காத நாய், கழித்துவிட்டு மூலையில் போய்த் தலைகுனிந்து நின்றது. வயிறாரத் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. மதுரைக்குக் கொண்டு சென்று காட்டினோம். குருதியிலும் சர்க்கரை, சிறுநீரிலும் சர்க்கரை. நீரிழிவு!

மனிதரில் பலருக்கு மாத்திரையால் அடங்கும் நோய் இது. நாய்க்கு அப்படியன்று. நாயின் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிட்ட பிறகே நோய் வெளிப்படுவதால், ஊசி ஒன்றே வழி. பன்னிரண்டு மணிக்கொரு முறை, உணவு தின்ற பின், கழுத்துப்புறத் தோலைத் தூக்கிப் பிடித்துப் போட வேண்டும். தின்னவில்லையெனில் அளவைப் போடலாகாது. சர்க்கரை மளமளவென இறங்கி, உயிருக்கே இறுதி வந்துவிடும். நம் நாட்டில் பெரிதும் விற்கும் குப்பி, மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. அதற்கு 40 அலகு ஊசிக்குழலே வேண்டும். 100 அலகுக் குழலில் கோடு பார்த்து ஏற்றினால் கணக்குப் பிழைத்துவிடும். வளர்ப்போர் எவரேனும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறோம்.

பைரவர் குற்றம் என்றாரே ஒருவர்? குற்றம் உண்டு. ஆனால் அது பைரவருடையதன்று; நம்முடையது. கருத்தடை அறுவை செய்யாத பெண் நாய்க்கு, ஒவ்வொரு பருவம் முடிந்ததும் உடலில் மிகும் ஒரு சுரப்பு இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஆண்டு பல கடந்த பின், அதுவே நோய்க்கு வாயிலாகிவிடக் கூடும். “அறுவை எதற்கு? இயற்கையாய் இருக்கட்டுமே!” என்று பேசியவர் நாமே! பகுத்தறிவு பேசும் நாம், நாயின் உடல் பற்றிப் பாட்டி கதையை நம்பியிருந்தோம். மிளகு தீபம் ஏற்றுவோரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையில் நமக்குப் பாதி குறைந்துவிட்டது. அறுவையைக் காலந்தாழ்த்திச் செய்தோம். சில திங்களில் கண்களில் வெண்படலம் படர்ந்தது. விழியாடிக்குள் மிகுந்த சர்க்கரை நீரை இழுத்து, ஆடியைக் கலக்கிவிட்டது. நீரிழிவுற்ற நாய்களில் மிகப் பலவற்றுக்கு நேர்வது இது. செவலை இன்று குருடு.

இனி, கேள்விக்கு வருவோம். நாய்க்கு எதற்கு ஊசி?

முதலில் ஒரு வரலாறு. 1889-ஆம் ஆண்டு, சிற்றாசுபர்க்கு நகரில் மிங்கோவ்சுகி, மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தனர். அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் எங்கே என்று உலகம் அன்றுதான் உணர்ந்தது. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெசுட் இருவரும் கணையம் நீக்கிய நாய்களுக்குக் கணையச் சாற்றை ஏற்றிப் பார்த்தனர். நாய்கள் பல மாண்டன. மார்சோரி என்று பெயர் பெற்ற ஒரு நாய் மட்டும், கணையமின்றி எழுபது நாள் அளவுக்கு வாழ்ந்து காட்டியது. 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்து ஏறியது. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன் எழுந்தான்! 1923-இல் நோபல் பரிசு. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர் கண்டவர்கள். அவர்களுடைய பெருந்தன்மையை உலகம் போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு டாலர்கூடப் பெறாமல், ஒப்புதல் கேட்கப்படாமல், அறுவை மேசையில் உயிர் விட்டவை எவை?

நாய்க்கு இன்சுலின் எதற்கு என்று கேட்கும் நாடே! இன்சுலின் உனக்கு எங்கிருந்து வந்தது?

“பழங்கடன் பேசுகிறீர், அந்த நாய் வேறு, இந்த நாய் வேறு” என்று வழக்காடலாம். சரியான வழக்கே. டொராண்டோ நாய்க்குச் செலுத்தவேண்டிய கடனைச் சமயநல்லூர் நாய்க்குச் செலுத்த முடியாது. ஆகவே வேறொன்று சொல்கிறோம். மனிதனின் இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சரடு. நாயினுடையதும் அப்படியே. இரண்டுக்கும் வேறுபாடு எத்தனை மணிகளில் தெரியுமா? ஒன்றே ஒன்றில்! பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் மணிக்கு மணி ஒன்றே. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே ஆயிரம் வேற்றுமை கண்டுபிடித்துச் சாத்திரம் எழுதிய மூளைகள், இந்தச் சரட்டை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அந்த உறவால்தான் அவருடைய மருந்து இதற்கும் வேலை செய்கிறது. வலியும் அப்படியே இருக்குமென்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும்.

இதிகாசத்திலும் நாய் உண்டே என்பார்கள். உண்டு. துறக்கத்தின் வாயிலில் தருமன் நின்றானாம், உடன் வந்த நாயை விட்டுவிட்டு வா என்றார்களாம், மறுத்தானாம். அதுவரை அருமையான கதை! அடுத்து என்ன? அந்த நாய் நாயன்று, தருமதேவதையாம்! வந்ததே சோதிக்கத்தானாம்! கெட்டது கதை. நாயை நாயாகவே விட்டுவைக்கக் கதை சொன்னவருக்கு மனமில்லை. உள்ளே ஒரு தேவனை ஒளித்து வைத்தால்தான் அன்புக்கு மதிப்பாம். அது வெறும் நாயாகவே இருந்திருந்தால், தருமன் செய்தது தவறாகிவிடுமா?

இதற்கு நேர்மாறாக, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது, ஏழாம் நூற்றாண்டு. கால்நடை காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்த அவனுடைய நாயும் அக்கல்லில் நிற்கிறது. அதன் பெயரையும் பொறித்தார்கள்: கோவிவன். தேவனென்றும் சொல்லவில்லை, வாகனமென்றும் சொல்லவில்லை. நாய், அதன் பெயர், அது செய்த செயல், அவ்வளவே. நம் முன்னோரின் நேர்மை அந்தக் கல்லில் தெரிகிறது.

ஆனால், தோழர்களே, கோவிவன் கள்வரைக் கடித்தது. செவலை என்ன செய்தது? இப்போது என்ன செய்கிறது? வீட்டைக் காக்கிறதா? கண்ணே தெரியாதே! குட்டி ஈனுமா? இல்லை. பயன் என்ன என்பதுதானே பெரியவரின் கேள்விக்குள் இருந்த கேள்வி?

பயன்! இந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு நடுக்கம் வருகிறது. நம் தென் மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்றொரு கொடுமை நடந்து வந்ததை நாளேடுகள் 2010-இல் விரிவாக எழுதின. படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியலில் எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சல் கண்டு மாளும்படி விட்டுவிடுவது. செய்தவர் எவரும் கொலை என்று சொல்லவில்லை. “இனி என்ன பயன்? பாவம், வலிப்படுகிறார்” என்றே சொன்னார்கள். பயன் தீர்ந்த உயிருக்கு நாள் குறிக்கும் கணக்கு, நாயிடம் தொடங்கினாலும் நாயோடு நிற்பதில்லை.

ஆயினும் இதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் உயிரை இழுத்து வைப்பதே அறம் என்றும் நாம் சொல்லமாட்டோம். தீராத வலியில் கிடக்கும் விலங்கை, மருத்துவர் கையால், வலியின்றி முடித்துவைப்பது கருணையே. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அந்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் வித்திட்டவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. அவருடைய உலகம் வேறு, நம்முடையது வேறு. இருந்தாலும் இந்தப் பெருமையை அவருக்குத் தர நமக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் தலைக்கூத்தலுக்கும் கருணைக்கும் கோடு எங்கே? ஓரிரவு அது நமக்குப் புலப்பட்டது. மாலையில் தின்றது, ஊசி போட்டோம், பிறகு தின்றதையெல்லாம் கக்கிவிட்டது. நள்ளிரவில் கால்கள் பின்ன, உடல் உதற, சுவரில் முட்டி விழுந்தது செவலை. தேனைக் குழைத்து ஈறில் தடவித் தடவி உட்கார்ந்திருந்தோம். விடிந்தால் தேர்வு, வினாத்தாள் ஆயத்தமில்லை. ‘போதும். நாளையே முடித்துவிடுவோம். பாவம், எவ்வளவு துன்பம்!’ என்று நினைத்தோம். கால் மணி கழிந்தது. அது எழுந்தது, தண்ணீர் குடித்தது, நம் கையை நக்கியது, குறட்டை விட்டுத் தூங்கியது! துன்பம் யாருடையது? தூக்கம் கெட்டது நமக்கு. நம்முடைய வலியை முடிக்க எண்ணி, அதற்கு அதன் பெயரைச் சூட்டினோம். விடியலில் எண்ணெய்க் கிண்ணம் ஏந்தியவர்களும் அப்படித்தான் பெயர் மாற்றிச் சூட்டியிருப்பார்கள்.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். தின்றதா, எழுந்ததா, வாலை ஆட்டியதா என நாள்தோறும் குறிக்கிறோம். கெட்ட நாள்கள் நல்ல நாள்களை விஞ்சும்போது வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அன்று நாம் மறுக்கமாட்டோம். அந்நாள் வரை, நம் களைப்பு அந்தக் கணக்கில் சேராது.

நம் தோழர் ஒருவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. “மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கு மருந்தா? நாய் நடக்கும் தெருவில் மனிதன் நடக்கக் கூடாதா என்று 1924-இல் வைக்கத்தில் போராடிய வழியில் வந்தவரா நீர்?” என்றார். ஒன்றுக்குச் செய்தால் மற்றொன்றுக்குக் குறைந்துவிடும் என்பது பொய்க் கணக்கு என்று விடை சொல்லி, அவரை மடக்கிவிட்டதாக மகிழ்ந்தோம். மகிழ்ச்சி ஒரு வாரந்தான் நிலைத்தது.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகம் திருப்பித் தர மாலையில் வீட்டுக்கு வந்தான். செவலைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தான். “சார், எங்கள் அம்மாச்சிக்கும் இதே மருந்துதான். அரசு மருத்துவமனையில் விலையில்லாமல் தருகிறார்கள். வீட்டில் குளிர்பெட்டி இல்லை. பானைத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம். இந்த வெயிலில் கெட்டுப்போகுமா, சார்? ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை” என்றான். உள்ளே வா என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் நம் அன்னையார் அடுக்களையிலிருந்து, “அங்கேயே நில்லப்பா, உனக்குத் தின்பதற்குக் கொண்டு வருகிறேன்” என்றார். அன்போடுதான் சொன்னார். பையனும் அங்கேயே நின்றான். நிற்கப் பழகிய கால்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதலமைச்சர் அறிவித்தார். நம் வீட்டு வாசற்படியில் அந்தச் சொல் நின்றுகொண்டிருந்தது. செவலையோ கூடத்தின் நடுவே, பாயில்!

தோழருக்குச் சொன்ன விடை தொண்டையில் சிக்கியது. கணக்கு பொய்யன்று; நம் வீட்டளவில் அது மெய்யாகவே இருந்திருக்கிறது. நாய்க்குக் கொடுத்தது தவறன்று. கொடுத்த இடத்தில் எவர் நிற்கவில்லை என்று பதினோர் ஆண்டாய்ப் பாராததுதான் தவறு.

அன்னையாரோடு அன்றிரவு நீண்ட பேச்சு நடந்தது. அதை இங்கே எழுதுவதற்கில்லை; அவர் அழுதார், நாமும் குரலை உயர்த்தினோம். இப்போது நம் குளிர்பெட்டியின் ஒரே தட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. மாறிவிடாதிருக்க ஒன்றில் ‘அம்மாச்சி’ என்றும் மற்றதில் ‘செவலை’ என்றும் அந்தப் பையனே எழுதி ஒட்டியிருக்கிறான். குப்பி தீர்ந்தாலும் தீராவிட்டாலும் மாலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறான். கூடத்துக்குள் நடந்து வந்து, பாயருகே உட்கார்ந்து, “சார், செவலை இன்றைக்குச் சாப்பிட்டதா?” என்று கேட்ட பிறகே ஊசிக்குழலை நம்மிடம் எடுத்துத் தருகிறான்.