காணாத கோடு

ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் ஒரு கணம் மஞ்சளாகிச் சீறுவதை நம் இல்லங்களில் யாவரும் கண்டிருப்போம். அம்மஞ்சள், உப்பிலுள்ள சோடியம் என்னும் தனிமத்தின் ஒளியாகும். அதனை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் வானவில்லின் ஏழு நிறங்களும் விரிவதில்லை; 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் நெருங்கி நிற்கும் இரு மஞ்சள் கோடுகளே ஓங்கித் தோன்றும். அவை சோடியத்தின் கையொப்பம் எனலாம்.

இதற்குக் காரணம் அணுவின் அமைப்பு. 1913ஆம் ஆண்டில் நீல்ஸ் போர் விளக்கியவாறு, அணுவினுள் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டுமே நிற்க இயலும். ஆற்றல் பெற்ற எலக்ட்ரான் மேற்படிக்கு ஏறுகிறது. மீண்டும் இறங்குகையில், இரு படிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒளியாக உமிழ்கிறது. படிகளின் இடைவெளி தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஆதலின் ஒளியும் வேறு.

விண்மீன்களின் வேதியியல் இயைபை மனிதன் ஒருநாளும் அறியமாட்டான் என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் அகஸ்ட் கோம்ட் 1835இல் எழுதினார். 24 ஆண்டுகளே கழிந்தன. 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும் சுடரின் கோடுகளைக் கொண்டு தனிமங்களை அடையாளம் காணத் தலைப்பட்டனர். ஒரு தனிமம் எந்த நிறத்தை உமிழுமோ, அதே நிறத்தை விழுங்கவும் செய்யும் என்று கிர்க்காஃப் உணர்ந்தார். கதிரவனின் ஒளியில் காணப்படும் கருங்கோடுகளுக்கு அதுவே விளக்கமாயிற்று. நம் அடுப்பின் சோடியம் கதிரவனிலும் உண்டு என்பது உறுதியாயிற்று.

கோடு கண்டால் பொருள் உண்டு, இது தெளிவு. ஆனால் கோடு காணாவிடில் பொருள் இல்லை என்று துணியலாமா? நாம் சிந்திக்க வேண்டிய வினா இதுவே.

புன்சனும் கிர்க்காஃபும் 1861இல் ரூபிடியம் என்னும் தனிமத்தை அதன் செந்நிறக் கோடுகளால் கண்டுபிடித்தனர். கதிரவனின் நிறமாலையிலோ அதன் கோடுகள் புலப்படவில்லை. அங்கே அது இல்லவே இல்லையோ? 1920இல் கல்கத்தாவைச் சேர்ந்த மேகநாத் சாகா விடை கூறினார். ரூபிடியம் தன் புற எலக்ட்ரானைத் தளர்வாகவே பற்றியுள்ளது. கதிரவனின் கடும் வெப்பத்தில் அதனை இழந்துவிடுகிறது. இழந்தபின் படிகளே மாறிவிடுவதால் பழைய கோடுகள் மறைகின்றன. கதிரவனில் வெப்பம் குறைந்த கரும்புள்ளிகளில் தேடினால் அக்கோடுகள் தென்படக்கூடும் என்றார் சாகா. அமெரிக்க வானியலறிஞர் ஹென்றி நாரிஸ் ரசல் தேடினார், ரூபிடியம் தென்பட்டது.

சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு 1925இல் சிசிலியா பெய்ன் மற்றுமோர் உண்மையை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான கோடுகளைக் காட்டும் இரும்பு விண்மீன்களில் சிறுபங்கே. சில கோடுகளே காட்டும் ஹைட்ரஜன்தான் அவற்றின் பெரும்பகுதி. மிகுதியாகக் காட்டிக்கொள்வது மிகுதியாக இருப்பதற்குச் சான்றாகாது!

மனிதரை மதிப்பிடுகையில் இப்பாடத்தை நாம் மறந்துவிடுகிறோம். கோப்பில் ஒரு பத்தி வெறுமையாக இருப்பின் 'ஏதுமில்லை' என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. நாலு பேர் நடுவே பேசாதவரை அறிவற்றவர் என்கிறோம். அழாதவரை அன்பற்றவர் என்கிறோம். தமிழகத்தை விட்டு வந்து வாழும் நாம், இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளைக் காட்டி, 'இவனிடம் தமிழே இல்லை' என்று விருந்தினர் முன் கூறுகிறோம். அதே பிள்ளை கோடை விடுமுறையில் பாட்டியின் மடியருகே அமர்ந்து தடுமாறித் தடுமாறிக் கதை கேட்கிறானே, அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? பிழையான ஒவ்வொரு சொல்லுக்கும் எழும் நம் சிரிப்பே அதனை மறைத்த வெப்பம் அன்றோ?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'என்னுள்ளும் நேர்மை உண்டு. சூழ்நிலைதான் காட்டவிடவில்லை' என்று கையூட்டு வாங்குபவனும் கூறலாமே! ஆம், கூறலாம். ஆனால் தனிமத்துக்குத் தேர்வு இல்லை, மனிதனுக்கு உண்டு. ஆகவே அவன் செயலுக்கு அவன் பொறுப்பாளி. அச்செயலை நாம் கண்டிக்கலாம். 'இவனுள் நன்மையே இல்லை' என்ற முடிவு வேறு வகையானது. தேடாமல் அதனைக் கூற நமக்கு உரிமையில்லை.

சாகாவும் 'மறைந்திருக்கிறது' என்று மட்டும் கூறி நின்றுவிடவில்லை; எங்கே தேட வேண்டும் என்றும் கூறினார். பிறர்பால் நல்லெண்ணம் கொள்வோர்க்கும் அக்கடமை உண்டு. இருக்கக்கூடும் என்று நம்பினால் மட்டும் போதாது. அது வெளிப்படுதற்குரிய இடத்தை நாமே அமைத்துத் தர வேண்டும். நம் பிள்ளை அடுத்த முறை தமிழில் பிழைபட ஒரு வாக்கியம் சொல்லும்போது, சிரிக்காமல் இறுதிவரை கேட்போம்.